தொடையில் வந்த கட்டியும் விடுபட்ட தவணைகளும்: நீலகிரி மேல்மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நீலகிரி மேல்மலையில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் குடியிருப்பில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) நடந்தது இது. நாற்பது வீடுகளுக்குச் சற்றுக் கூடுதல். பெரும்பாலோர் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். கடைசி வரிசையில் ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த சில குடும்பங்கள். குடும்பங்களை யாரும் அடையாளம் காணாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக ஒரு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். அதனால் மாதத்தில் ஒரு புதன்கிழமை, லைனிலேயே உள்ள அங்கன்வாடி மையத்தில் காலை 10 மணிக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும். கிராம சுகாதார செவிலியர் காலை முதல் பேருந்தில் வேக்சின் கேரியரோடு (தடுப்பூசியைக் குளிர் விடாமல் கொண்டுவரும் பெட்டி) வந்து, மதியப் பேருந்தில் திரும்புவார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அந்த நேரம் மலையில் வேலை நேரம். முகாமுக்கு வந்தால் அரை நாள் கூலி போகும். பருவ காலத்தில் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் போகும். ஆகவே குழந்தையைத் தூக்கி வருபவர் பெரும்பாலும் பாட்டிதான். இது பின்னால் முக்கியமாகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் லைனில் ஒன்பது பேர். அந்த டிசம்பர் வரை பெரும்பாலோருக்குத் தவணை பெரிதாகத் தள்ளிப்போனதில்லை. மார்ச் மாதப் பட்டியலில் ஐந்து பேருக்கு நேராக "வரவில்லை" என்று இருந்தது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை

நவம்பர் தொடக்கத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு டிசம்பர் முகாமில் 6ஆம் வாரத் தவணை போடப்பட்டது. இடது தொடையில் பெண்டாவேலன்ட் (சுருக்கமாகப் பெண்டா; கக்குவான் இருமல், ரணஜன்னி உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல், வலது மேற்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டும். மூன்று ஊசி, இரண்டு சொட்டு. குழந்தையைக் கொண்டுவந்தவர் அப்பாவைப் பெற்ற பாட்டி.

அன்று இரவு காய்ச்சல். பெண்டாவில் உள்ள கக்குவான் இருமல் பகுதி முழு நுண்ணுயிரிலிருந்து செய்யப்படுவது; காய்ச்சலும் ஊசி இடத்தில் வீக்கமும் அதில் எதிர்பார்க்கக்கூடியவையே. பாராசிட்டமால் பாட்டில் ஒன்று பாட்டியின் கையில் கொடுக்கப்பட்டிருந்தது. எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று தாய்க்குத் தெரியாது. தெரியாத மருந்தைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்கப் பயந்து, ஈரத்துணி மட்டும் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் மதியத்துக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இடது தொடையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கெட்டியான கட்டி. சிவப்பில்லை, சூடில்லை, தொட்டால் குழந்தை அழவும் இல்லை. பாட்டி சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, நீலகிரித் தைலம் தடவி நீவிவிட்டார். ஒரு வாரத்தில் கட்டி சிவந்து பழுத்தது. ஜனவரி நடுவில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஜனவரி முகாமுக்கு அந்தக் குழந்தை வரவில்லை. பிப்ரவரியிலும் வரவில்லை.

சுகாதார நிலையத்தில் யாருக்கும் இந்தக் கட்டி பற்றித் தெரியாது. லைனில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

முதல் அணுகுமுறை

பிப்ரவரி கடைசியில் நடந்த வீட்டுச் சந்திப்பு காலை 11 மணிக்கு. தாய் மலையில், தந்தை கொழுந்து வண்டியில். வீட்டில் இருந்தது பாட்டியும் குழந்தையும். "ஏன் ஊசிக்கு வரலை?" என்ற கேள்விக்குப் பாட்டி, "பிள்ளைக்குச் சளி, அடுத்த மாசம் பார்ப்போம்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். தடுப்பூசி போடாவிட்டால் மகப்பேறு உதவித்தொகைத் தவணை நின்றுவிடும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். தவணைகள் தடுப்பூசியோடு பிணைக்கப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் கட்டி வந்து கீறிய குழந்தையின் வீட்டு வாசலில் அதைச் சொன்னபோது கேட்டவர்களுக்கு அது மிரட்டலாகத்தான் பட்டது. பணத்தைக் காட்டிப் போடச் சொல்கிற ஊசியில் ஏதோ இருக்கிறது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் கிளம்பியது. அடுத்த சந்திப்பில் கதவு திறக்கவில்லை.

பதிவேட்டில் "மறுப்பு" என்று எழுதப்பட்டது. ஐந்து குழந்தைகளுக்கும் அதே வார்த்தை.

ஐந்து குழந்தைகள், ஐந்து விதம்

மார்ச் முதல் வாரத்தில் மருத்துவ அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒரே லைனில் மூன்று மாதத்துக்குள் ஐந்து விடுபாடு என்பது வதந்தியாகவோ வேறு ஏதாவது சம்பவமாகவோதான் இருக்க வேண்டும் என்று கருதினார். ஊசி பற்றிப் பேசாமல் காரணம் மட்டும் கேட்டு வரும் பொறுப்பு அங்கன்வாடி பணியாளரிடம் விடப்பட்டது. அவர் அதே லைன்காரர். கேள்வியும் மாற்றப்பட்டது: "ஏன் வரலை?" என்பதற்குப் பதில் "போன தடவை ஊசி போட்டப்புறம் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" முதல் கேள்விக்கு ஆள் சாக்குச் சொல்வார். இரண்டாவதற்கு நடந்ததைச் சொல்வார். மூன்று மாலைகளில் கிடைத்தது இது.

கட்டி வந்த பெண் குழந்தையின் கதை அப்போதுதான் முழுதாக வெளிவந்தது. பக்கத்து வீட்டு ஆண் குழந்தைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கட்டியை நேரில் பார்த்த தாய் 14ஆம் வாரத் தவணையை நிறுத்திவிட்டார். மூன்றாவது, ஒன்பது மாதம் முடிந்த குழந்தை: தாய் தந்தை இருவருமே பறிப்பு வேலை, பாட்டி இல்லை, காலை 10 மணிக்குத் தூக்கி வர ஆளில்லை. அந்த வீட்டில் ஊசி மீது பயமே கிடையாது. நான்காவது, ஜார்க்கண்ட் குடும்பம். தடுப்பூசி அட்டை ஊரிலேயே தங்கிவிட்டது. முகாமில் யாரும் இந்தி பேசவில்லை. ஒருமுறை வந்து, அட்டை இல்லை என்று தலையசைத்ததும் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதையும் மறுப்பு என்று எழுதியதை என்னவென்று சொல்வது!

ஐந்தாவது குழந்தையின் தந்தை மட்டுமே எல்லாத் தடுப்பூசியையும் கொள்கையாக வேண்டாம் என்பவர். 2017இல் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல் பதிவுகளை இன்னும் போனில் வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு லைன் முழுக்க அவரைப் பார்த்துத்தான் பயந்தது போலத் தோன்றும். அவர் டிசம்பருக்கு முன்பும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. கட்டிக்குப் பிறகு கேட்டார்கள்.

கட்டி எப்படி வந்தது

குடும்பத்திடம் பேசப் போகும் முன் இதற்குப் பதில் தேட வேண்டியிருந்தது. பதில் இல்லாமல் போய் "ஊசி பாதுகாப்பானது" என்று சொன்னால் கட்டியைப் பார்த்த கண்ணைப் பொய் சொல்லச் சொல்வதாகிவிடும்.

இரண்டு வழிகள் ஆராயப்பட்டன. ஒன்று, தடுப்பூசி உறைந்திருக்கலாம். பெண்டாவேலன்டில் அலுமினிய உப்பு இருக்கிறது. உறைந்து உருகினால் அந்த உப்பு திரிந்து துகளாகப் படியும். வீரியம் குறையும், ஊசி இடத்தில் கட்டி வரும் வாய்ப்புக் கூடும். போலியோ சொட்டும் தட்டம்மை ஊசியும் உறைநிலையைத் தாங்கும். பெண்டா, ஹெபடைட்டிஸ்-பி, ரணஜன்னிக்கான டி.டி., நிமோகாக்கல் எதுவும் தாங்காது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியான ஐ.எல்.ஆர். பெட்டியில் வெப்பநிலைப் பதிவு முழுக்க +2 முதல் +8 டிகிரிக்குள் இருந்தது. அதே பேட்ச்சில் மீதமிருந்த ஒரு குப்பிக்கு உலுக்குச் சோதனை செய்யப்பட்டது: அதே நிறுவனம், அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கல்லாக உறையவைத்து, உருகவிட்டு, இரண்டையும் ஒன்றாக உலுக்கி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 15 முதல் 30 நிமிடம் பார்ப்பது. உறைந்த குப்பியில் வண்டல் வேகமாக அடியில் இறங்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் இறங்கினால் அதைத் தூக்கி எறிய வேண்டும். இங்கே இறங்கவில்லை. ஆகப் பெட்டியில் தப்பில்லை.

தப்பு கேரியரில் நடந்திருக்கலாம். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே கேரியரில் அடுக்கக் கூடாது. உள்ளே பனி லேசாக உருகி, காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர் சலசலக்கும் வரை வெளியே வைத்திருக்க வேண்டும். சமவெளியில் இதற்கு அதிக நேரம் பிடிக்காது. டிசம்பர் காலையில் மேல்மலையில், புல்லில் உறைபனி வெளுத்துக் கிடக்கும் நேரத்தில், சுகாதார நிலைய அறையே ஐந்தாறு டிகிரியில் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டினாலும் சத்தம் வராது. முதல் பேருந்தோ 7 மணிக்கு. நடைமுறையில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அந்த முகாமில் பயன்பட்ட குப்பி தூக்கி எறியப்பட்டுவிட்டதால் நிரூபிக்க வழியில்லை.

இன்னொரு வழி, ஊசி ஆழம். பெண்டா தசைக்குள் போக வேண்டும்: தொடையின் நடுப்பகுதியில், முன்–வெளிப் பக்கம், 90 டிகிரியில் நேராக. தோலுக்கடியில் கொழுப்பிலேயே நின்றுவிட்டால் அலுமினிய உப்பு அங்கேயே தங்கி, வாரக்கணக்கில் கரையாத கெட்டிக் கட்டியாகும். டிசம்பர் முகாமில் குழந்தை எப்படி உட்கார்ந்திருந்தது என்று பாட்டியே பிறகு காட்டினார்: இரண்டு சட்டை, ஸ்வெட்டர், கம்பளிக் கால்சட்டை, மேலே துண்டு. கதவு திறந்து கிடந்தது, வெளியே காற்று. பிள்ளைக்குக் குளிரும் என்று கால்சட்டையைக் கழற்றாமல் கீழிருந்து முழங்காலுக்கு மேல் நாலு விரல் அளவுக்குச் சுருட்டிப் பிடித்திருக்கிறார். சுருட்டிய துணி தொடையை இறுக்கிப் பிடிக்க, ஊசி போடுபவருக்குக் கிடைத்தது முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு சின்ன இடைவெளி. அங்கே தசை குறைவு. சதையைக் கிள்ளித் தூக்கிப் போட்டால் ஊசி தோலடியிலேயே நிற்கும். குழந்தையின் தழும்பும் தொடை நடுவில் இல்லை, முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது.

இந்த இரண்டில் இரண்டாவதுதான் கூடுதல் சாத்தியம் என்று முடிவானது. தழும்பின் இடம் அதைச் சொல்கிறது. சிவக்காத, சுடாத கட்டி பின்னால் பழுத்ததற்கு நீவிவிட்டதும் தைலமும் காரணமாக இருக்கலாம். ஊசி இடத்தை நீவக் கூடாது, தைலம் தடவக் கூடாது என்று டிசம்பரில் யாரும் பாட்டியிடம் சொல்லவில்லை. மலையில் சளிக்கும் சுளுக்குக்கும் தைலம்தான் முதல் மருந்து. சொல்லாவிட்டால் தடவத்தான் செய்வார்கள்.

எடுத்த முடிவுகள்

கட்டி, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பாக முறைப்படி பதிவு செய்யப்பட்டு மாவட்டத்துக்கு அறிக்கை போனது. இதைப் பதிந்தால் முகாமுக்குக் கெட்ட பெயர் என்ற தயக்கம் பணியாளர்களிடம் எழுந்தது. லைன் முழுக்கத் தெரிந்த விஷயம் பதிவேட்டில் மட்டும் இல்லாதிருந்தால் யாருக்கு லாபம் என்று மருத்துவ அலுவலர் கேட்டதோடு அது முடிந்தது.

வீட்டுச் சந்திப்பு மாலை 6 மணிக்கு வைக்கப்பட்டது. தாய், தந்தை, பாட்டி மூவரும் இருக்கும் நேரம் அதுதான். மருத்துவ அலுவலரும் அங்கன்வாடி பணியாளரும் மட்டும் போனார்கள். ஆள் கூட்டம் வேண்டாம், தடுப்பூசிப் பையும் வேண்டாம் என்று முன்பே முடிவு. முதலில் மருத்துவ அலுவலர் தொடையைப் பார்த்தார், தழும்பை அளந்தார், காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு சொன்னது ஏறத்தாழ இதுதான்: "ஊசியாலதான் கட்டி வந்திருக்கு. ஊசி கொஞ்சம் மேலாப்புல நின்னிருக்கலாம், இல்லைன்னா மருந்து வழியில உறைஞ்சிருக்கலாம். எதுன்னு உறுதியா சொல்ல முடியல. ரெண்டுமே எங்க பக்கம் நடந்தது. பாட்டி, நீங்க பண்ணினதுல தப்பு இல்லை, நாங்க சொல்லாம விட்டுட்டோம்."

பாட்டி எடுத்த அடுத்த கேள்வி யாரும் எதிர்பாராதது. "திருவள்ளூர்ல நாலு பிள்ளை செத்துப்போச்சே டாக்டரம்மா, அதுவும் இப்படித்தானா?" 2008 ஏப்ரலில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டபின் திருவள்ளூர் மாவட்டத்தில் நான்கு குழந்தைகள் இறந்தது உண்மை. இத்தனை ஆண்டு கழித்தும் நீலகிரியில் ஒரு லைன் வீட்டில் அது நினைவில் இருக்கிறது. அதெல்லாம் வதந்தி என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே அறுந்திருக்கும். நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டு, தட்டம்மை ஊசி தூளாக வரும், கரைப்பதற்கு அதே நிறுவனம் தரும் திரவத்தைத் தவிர வேறெதையும் தொடக் கூடாது, கரைத்த குப்பி 4 மணி நேரத்துக்கு மேல் செல்லாது, கரைத்த நேரம் குப்பியின் மேலேயே எழுதப்படும் என்று விளக்கப்பட்டது. "உங்க பேத்திக்கு ஒன்பதாம் மாசம் போடும்போது குப்பியை உங்க கையில தர்றோம், நேரத்தைப் பாருங்க" என்றதற்குப் பாட்டி, "எனக்குப் படிக்கத் தெரியாது, மருமகளைப் பார்க்கச் சொல்றேன்" என்றார். சம்மதத்தின் முதல் அறிகுறி அது.

தாயின் கவலை வேறு. மூன்று மாதம் தவறிவிட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போடுவார்களோ என்று பயந்திருந்தார். திரும்பத் தொடங்க வேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து குறைந்தது 4 வார இடைவெளியில் தொடர்ந்தால் போதும். இந்த ஒரு செய்தியை யாராவது பிப்ரவரியில் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

மிகக் கடினமான முடிவு ஊசிகளின் எண்ணிக்கை பற்றியது. ஐந்து மாதக் குழந்தைக்கு ஏப்ரலில் பெண்டா இரண்டாம் தவணையோடு நிமோகாக்கல், போலியோ ஊசி இரண்டுமே போடலாம், இடைவெளி போதுமானது. நெறிமுறையும் ஒரே நாளில் முடிக்கவே சொல்கிறது, ஏனென்றால் பிரித்தால் அடுத்த முறை வராமல் போகலாம். தாய் ஒரே ஊசிக்குத்தான் ஒப்புக்கொண்டார். செவிலியர் பிரிக்கக் கூடாது என்றார். மருத்துவ அலுவலர் பிரிக்கலாம் என்றார். பெண்டாவும் சொட்டுகளும் இப்போது, மீதி 4 வாரம் கழித்து என்று முடிவானது. கக்குவான் இருமல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளைத்தான் அதிகம் கொல்கிறது. சன்னல் அடைத்து விறகடுப்பு எரியும், ஒரு சுவரை இரண்டு குடும்பங்கள் பகிரும் லைன் வீட்டில் ஒருவருக்கு வந்தால் போதும். எந்த ஊசி முதலில் என்பதை அதுதான் தீர்மானித்தது. செவிலியரின் வாதம் தவறென்று சொல்ல முடியாது. வேறொரு வீட்டில் அதுவே சரியாக இருந்திருக்கும்.

முகாம் நேரம் மாலை 4 மணிக்கு, இலை எடை போட்டு முடிந்ததும் வருகிற மாதிரி மாற்றப்பட்டது. இடம் அங்கன்வாடியிலிருந்து தோட்டத்து டிஸ்பென்சரிக்கு: கதவு சாத்தலாம், மேற்கு வெயில் உள்ளே விழும், குழந்தையை முழுக்கத் துணி கழற்றலாம். பேருந்து இல்லாத நேரம் என்பதால் சுகாதார நிலைய வண்டி.

ஏப்ரல் முகாம்

அன்று காலை ஐஸ் பேக்குகள் 10 மணிக்கே வெளியே எடுத்து மேசையில் பரப்பப்பட்டன. நான்கில் மூன்றில் சத்தம் வந்தது, நான்காவதில் வரவில்லை. வரும்வரை வண்டி காத்திருந்தது. பெண்டாக் குப்பிகள் பாலித்தீன் பையில் போட்டு, ஐஸ் பேக்கில் நேரடியாகப் படாதபடி நடுவில் வைக்கப்பட்டன.

பெண் குழந்தையைத் தாயும் பாட்டியும் சேர்ந்தே கொண்டுவந்தார்கள். மேலே ஸ்வெட்டர் அப்படியே இருக்க, இடுப்புக்குக் கீழே முழுக்கக் கழற்றப்பட்டது. தாய் மடியில் வைத்து, குழந்தையின் ஒரு கையைத் தன் அக்குளுக்குள் செருகி, கால்களைத் தன் தொடைகளுக்கு நடுவில் பிடித்தார். பெண்டா இடது தொடையில் போட வேண்டியது. தழும்பு இருந்ததால் வலது தொடை நடுவில் போடப்பட்டு, மாற்றம் அட்டையில் குறிக்கப்பட்டது. குப்பியை உலுக்கி, தாயிடம் காட்டி, 0.5 மி.லி. எடுத்து, தோலை விரித்துப் பிடித்து, நேராக. முடிந்ததும் தேய்க்கவில்லை, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்ததோடு சரி.

முப்பது நிமிடம் அங்கேயே உட்காரவைத்தார்கள். அந்த நேரத்தில் பாராசிட்டமால் பற்றிய விளக்கம், தாயிடமே. குழந்தையின் எடை 6 கிலோ 400 கிராம். அளவு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 3 மி.லி. என்றால் 75 மி.கி.; காய்ச்சல் இருந்தால் மட்டும், 6 மணிக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். இங்கே நழுவ இடமுண்டு: கடையில் 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பும் கிடைக்கும், 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தும் கிடைக்கும். வீட்டில் தீர்ந்துபோய்க் கடையில் வாங்கினால் அதே 3 மி.லி. சொட்டு மருந்தில் 300 மி.கி. ஆகிவிடும். அதனால் பாட்டிலோடு ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று கொடுத்து, 3 மி.லி. கோட்டில் பேனாவால் அடையாளம் போட்டு, வேறு பாட்டில் வாங்கினால் முதலில் போன் செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல், இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல்: இதில் எது வந்தாலும் 108.

லைனில் போன் சிக்னல் நம்ப முடியாது. ஆகவே இரவு 8 மணிக்கு அங்கன்வாடி பணியாளர் நேரில் போய்ப் பார்த்தார். லேசான காய்ச்சல், மருந்து ஒருமுறை கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் போய்த் தொடையைத் தொட்டுப் பார்த்தார். கட்டியில்லை. பக்கத்து வீட்டுத் தாயும் அப்போது கூடவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார் என்று அவருடைய குறிப்பில் இருக்கிறது.

பின் நடந்தவை

மே முகாமில் பெண் குழந்தைக்குப் பெண்டா மூன்றாம் தவணை வந்தது. நிமோகாக்கலும் போலியோ ஊசியும் பாக்கி. இரண்டாகப் பிரிக்கலாமா என்று செவிலியர் தாமே கேட்டபோது தாய் சொன்னது: "எல்லாத்தையும் இன்னைக்கே போட்டுடுங்க நர்ஸம்மா. ரெண்டாம் பருவம் வேற வருது, இன்னொரு நாள் என்னால நிக்க முடியாது." மூன்று ஊசியும் ஒரே நாளில் போடப்பட்டன. ஏப்ரலில் பயத்தால் பிரித்ததை மே மாதத்தில் கூலி சேர்த்துவைத்தது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணையும் நிமோகாக்கல் ஊக்கத் தவணையும் போலியோ ஊசியும் வைட்டமின்-ஏ திரவம் 1 மி.லி.யும். கரைத்த குப்பியில் எழுதிய நேரத்தைத் தாய் வாசித்துக் காட்ட, பாட்டி தலையாட்டினார்.

பக்கத்து வீட்டுக் குழந்தை மே மாதமே வந்தது. பாட்டியில்லாத வீட்டுக்கு நேரம் மாறியதே போதுமாக இருந்தது. ஜார்க்கண்ட் குழந்தையின் இடது தோளில் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பு இருந்தது, தந்தையின் கைபேசி எண்ணை வைத்து யு-வின் என்ற இணையத் தடுப்பூசிப் பதிவில் தேடியபோது முதல் தவணை சொந்த ஊரில் போடப்பட்டது தெரிந்தது. ஒரு வயதுக்குள் பெண்டா தொடங்கியிருந்ததால் மீதியும் பெண்டாவாகவே தொடரப்பட்டது. மொழிக்கு, தோட்டத்தில் வேலை செய்யும் அதே ஊர்ப் பெண் ஒருவர் உட்காரவைக்கப்பட்டார்.

ஐந்தாவது குழந்தைக்கு இதை எழுதும்வரை எந்த ஊசியும் போடப்படவில்லை. தந்தையோடு மூன்று முறை பேசியதில் வாக்குவாதம்தான் மிச்சம்; நான்காவது முறை யாரும் பேசப்போகவில்லை. மாதம் ஒருமுறை எடை பார்க்க மட்டும் குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். அந்த வரவைக் கெடுக்காதிருக்க வேண்டும் என்பது குழுவின் முடிவு. தாய் ஒருமுறை தனியாக, "ரணஜன்னிக்கு மட்டும் தனியா ஊசி இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வயதில் அது பெண்டாவுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லப்பட்டது. அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

பட்டியலில் "மறுப்பு" என்ற ஒரே கட்டம் எடுக்கப்பட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதும் இடம் விடப்பட்டது. பெண்டா முதல் தவணை போட்ட ஒவ்வொரு குழந்தையையும் அன்று இரவும் மூன்றாம் நாளும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதல் தவணை சரியாகப் போனால் அடுத்த இரண்டும் தானாக வரும். பாட்டி கொண்டுவந்தால் மருந்து விளக்கம் பாட்டிக்கும், அன்று மாலை தாய்க்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஐஸ் பேக்குகளை எடுக்கும் நேரம், சத்தம் கேட்ட நேரம் இரண்டும் கேரியரின் மேல் ஒட்டிய தாளில் எழுதப்படுகின்றன. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் வண்டி கிளம்பாது.

மாலை முகாமுக்கு ஒரு விலை உண்டு. அதே கேரியர் காலையில் வேறொரு கிராமத்துக்குப் போய் வருவதால், அங்கே கரைத்த தட்டம்மைக் குப்பி மாலை 4 மணிக்குள் செல்லாததாகியிருக்கும். லைனில் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் புதுக் குப்பி உடைக்க வேண்டும். வீணாகும் டோஸ் கணக்கு மாதாமாதம் கேள்விக்கு வருகிறது. பெண்டாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. திறந்த தேதியும் நேரமும் எழுதி, குளிர் விடாமல் பார்த்துக்கொண்டால் திறந்த குப்பியை 28 நாள் வரை வைத்துப் போடலாம்.

தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மாலை 4 மணி முகாம் ஓடவில்லை. ஐந்து மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது, டிஸ்பென்சரிக்குப் போகும் பாதையில் இருட்டியதும் காட்டெருமை நிற்கிறது. குழந்தையோடு அரை மணி நேரம் காத்திருக்க யாரும் துணியவில்லை. ஜூலையில் மதிய உணவு இடைவேளையான 1 மணிக்கு மாற்றிப் பார்த்தார்கள். பத்து நிமிடம் தாமதமாக மலைக்குத் திரும்பிய இரண்டு பெண்களுக்குக் கூலியில் பிடித்தம் விழுந்தது. முகாம் நாளில் அரை மணி நேரம் சலுகை கேட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அதுவரை மழை மாதங்களில் 1 மணி, மற்ற மாதங்களில் 4 மணி என்று நடக்கிறது.